பைபோலார் வருமா என்று சொல்லும் எச்சில் டெஸ்ட்: 5-க்கு 2

கம்பெனி பெயர் வேண்டாம், ஆன்லைனில் விளம்பரம் செய்யும் மரபணு டெஸ்ட்களில் ஒன்று. மனநல பேக்கேஜ் மட்டும் ஏழாயிரத்தை ஒட்டி வருகிறது. என் தாய்மாமாவுக்கு பைபோலார், அதாவது மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் போய்விடும் நோய். தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் "இது பரம்பரையா வருமா?" என்ற பேச்சு வீட்டில் கிளம்பியது, சரி பார்த்துவிடுவோம் என்று நான் வாங்கினேன்.

கிட்டில் குறையில்லை. அரை மணி நேரம் முன்னால் காபி, தண்ணி எதுவும் கூடாது, குழாயில் கோடு வரைக்கும் எச்சில் (நுரை கணக்கில் சேராது, துப்பித் துப்பி வாய் வறண்டுவிடும்), மூடியை இறுக்கினால் உள்ளே இருக்கும் திரவம் தானாக இறங்கும், குலுக்கிக் கூரியர்காரரிடம் கொடுத்துவிடலாம்.

ரிப்போர்ட்தான் சொதப்பல். முதல் பக்கத்திலேயே சிவப்பு மீட்டர், "சராசரியைவிட இரண்டு மடங்கு ஆபத்து". அம்மா பார்த்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் இது, இரண்டு மடங்கு என்றாலும் இரண்டு முதல் நான்கு பேர்தான். அந்த ஒரு வரியை எங்கேயும் காணோம். அப்புறம் "85% மரபு" என்று கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். இரட்டையர் ஆய்வுகளில் 60 முதல் 85 சதவீதம் என்று வருவது உண்மைதான், ஆனால் அது மக்களுக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு, உங்களுக்கு நோய் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பது அல்ல. ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவது சாதாரணம்.

நோய்க்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது. 1987-இல் அமெரிக்காவில் தனித்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகக் குடும்பங்களை ஆராய்ந்து 11-ஆம் குரோமோசோமில் பிடித்துவிட்டோம் என்றார்கள், 1989-இல் அது நிற்கவில்லை. 2021-இல் வந்த பெரிய ஆய்வில் நோயோடு தொடர்புள்ள 64 இடங்கள் டிஎன்ஏ-வில் கிடைத்தன, 2025-இல் 298 இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதிலும் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம் ஊர் ஆளுக்கு மதிப்பெண் போடும்போது அதையாவது சொல்ல வேண்டாமா?

சூழல் பற்றி ஒரே பக்கம், யோகா செய்யுங்கள், டென்ஷனைக் குறையுங்கள். மாமாவுக்கு முதல் தடவை வந்தது தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்தபோது. தூக்கம்தான் முதலில் போகும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டிவிஎஸ் 50-ஐக் கழுவிக்கொண்டிருப்பார், களைப்பே தெரியாது. தூக்கக் கேடு, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், கஞ்சா, சின்ன வயதில் பட்ட கொடுமைகள், சிலருக்கு மனநிலையைச் சீராக்கும் மருந்து இல்லாமல் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் சாப்பிடுவது, இது எதுவும் ரிப்போர்ட்டில் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

மாமாவைப் பார்க்கும் டாக்டர் ஓபி சீட்டின் பின்பக்கத்தில் குடும்ப மரம் வரைந்தார். யாருக்கு, எந்த வயதில், தற்கொலை உண்டா, பிரசவத்துக்குப் பிறகு யாராவது மாறினார்களா என்று விசாரித்துவிட்டு, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் நூற்றில் ஐந்து முதல் பத்து, மாமா என்றால் அதற்கும் கீழே என்றார். தங்கைக்கு வேண்டியிருந்த பதில் அதுதான்.

இதையும் மீறி வாங்குவதானால் ஆப்பில் "ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதம்" என்ற கட்டத்தில் டிக் முன்பே போட்டிருக்கும், எடுத்துவிடுங்கள். ரீஃபண்ட் கேட்டேன், எச்சில் லேபுக்குப் போய்விட்டால் கிடையாதாம்.