வைரச் சுழல் க்யூபிட் பயிற்சிக் கருவி: கட்டுப்பாடு உண்டு, பின்னல் இல்லை

நாகர்கோவில் பகுதிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறைக்கு வாங்கப்பட்ட வைரச் சுழல் க்யூபிட் பயிற்சிக் கருவியை முதுநிலை மாணவர்களுடன் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். க்யூபிட் என்பது குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு. விளம்பரச் சிற்றேட்டின் முகப்பில் ‘குவாண்டம் வலையமைப்பு ஆய்வகம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பி மாவட்டத்தின் பிற கல்லூரிகளும் கொள்முதல் ஆணை அனுப்புவதற்கு முன், இக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டிக்குள் ஒரு சிறிய செயற்கை வைரத் துண்டு, பச்சை லேசர், சிவப்பு வடிகட்டி, ஒளி உணரி, நுண்ணலை ஆன்டெனா, நகர்த்தக்கூடிய காந்தம் ஆகியவை உள்ளன. வைரப் படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜனும் அதன் பக்கத்தில் அணுவே இல்லாத காலியிடமும் அமைந்தால் உருவாகும் என்வி (NV) மையத்தின் எலெக்ட்ரான் சுழலே (spin: எலெக்ட்ரானைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் உள்ளார்ந்த பண்பு) இங்கு க்யூபிட். லேசர் பட்டதும் இம்மையம் சிவப்பாக ஒளிர்கிறது. சுழலின் நிலைக்கேற்ப அவ்வொளி கூடுவதாலும் குறைவதாலும், ஒளியை அளந்தே சுழலின் நிலையை அறிந்துவிடலாம். நுண்ணலையின் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தினால் 2.87 கிகாஹெர்ட்ஸில் ஒளிர்வு சரிகிறது; காந்தத்தை அருகே கொண்டுவந்தால் அந்தச் சரிவு பிளந்து, நான்கு படிகத் திசைகளுக்கும் இரண்டிரண்டாக, எட்டு வரை திரையில் விரிகிறது. காந்தப்புலத்தில் ஆற்றல் நிலைகள் பிளக்கும் இந்தச் சீமன் விளைவைச் சூத்திரமாக மட்டுமே படித்திருந்த மாணவர்கள் அதைத் தங்கள் கையாலேயே நிகழ்த்திப் பார்க்க முடிவது இக்கருவியின் பெரும் சிறப்பு. நுண்ணலைத் துடிப்பின் நீளத்தை மாற்றி, சுழல் இரு நிலைகளுக்கிடையே மாறி மாறிச் செல்லும் ரபி அலைவைக் காணும் சோதனையும் நன்றாகவே அமைந்துள்ளது.

குளிர்சாதனம் இல்லாத எங்கள் அறையில் நண்பகல் நெருங்க நெருங்க அந்தச் சரிவு சற்றே கீழ்நோக்கி நகர்ந்தது. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 74 கிலோஹெர்ட்ஸ் குறையும் என்பதே காரணம். கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் செலவில்லாமல் இன்னொரு சோதனை கிடைத்திருக்கும்.

கையேட்டின் கடைசி அத்தியாயமான ‘பின்னல் சோதனை’ வெறும் கணினிப் பாவனைதான். பின்னல் (entanglement) என்பது இரு குவாண்டம் பொருள்களின் நிலைகளைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி ஒன்றிணைப்பது; குவாண்டம் வலையமைப்புக்கு அடிப்படையே அதுதான். தொலைவிலுள்ள இரு சுழல்களைப் பின்ன வேண்டுமானால், ஒவ்வொரு சுழலையும் அது உமிழும் ஃபோட்டானோடு (ஒளித்துகளோடு) முதலில் பின்னி, இரு ஃபோட்டான்களையும் நடுவில் ஓர் ஒளிபிரிப்பானில் சந்திக்கவைத்து, எது எங்கிருந்து வந்தது என்ற தகவலே எஞ்சாதபடி கண்டறிய வேண்டும். அதற்கு இரு ஃபோட்டான்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். என்வி மையம் உமிழும் ஒளியில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே அதற்குப் பயன்படும் 637 நானோமீட்டர் கோட்டில் விழுகிறது; அதுவும் வைரத்தை 4 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தால்தான் போதிய அளவு கூர்மையாக இருக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 2015இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், பின்னலின் விளைவுகளை மரபு இயற்பியலால் விளக்க முடியுமா என்று பார்க்கும் பெல் சோதனையை நடத்தியபோது, 220 மணி நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்த பின்னல் நிகழ்வுகள் 245 மட்டுமே. டெல்ஃப்டையும் தி ஹேக்கையும் 25 கிலோமீட்டர் ஒளியிழையால் இணைத்து 2024இல் வெளியிட்ட முயற்சியில், இழப்பைக் குறைப்பதற்காக ஃபோட்டானின் அலைநீளத்தையே தொலைத்தொடர்பு அலைநீளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அறை வெப்பநிலையில், எண்ணற்ற மையங்கள் ஒன்றாக ஒளிரும் ஒரே வைரத் துண்டை வைத்துக்கொண்டு ‘வலையமைப்பு’ என்று விற்பது நேர்மையான வணிகம் ஆகாது.

விற்பனைக்குப் பிந்தைய சேவை மந்தம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் லேசரின் மின்வழங்கி பழுதானபோது, மாற்றுப் பாகம் வருவதற்குள் பருவத்தேர்வே நெருங்கிவிட்டது. ஆகவே ஸ்டெபிலைசர் இல்லாமல் இணைக்க வேண்டாம். சுழலைக் கட்டுப்படுத்தக் கற்பிக்க விரும்பும் துறைகள் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலைப்புள்ளி கேட்கும்போதே கடைசி அத்தியாயத்துக்கான மென்பொருள் உரிமத்தை நீக்கச் சொல்லி, அந்தத் தொகைக்கு ஒரு மாற்று மின்வழங்கியைச் சேர்த்துத் தருமாறு எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.