மடக்குக் கத்திக்கு எருமைக் கொம்பா, பீச் மரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஈரம் ஓயாத தோட்டப்புற ஊரில் மடக்குக் கத்தி சேர்ப்பவர் முதலில் பிடியைப் பார்க்க வேண்டும், அலகு அப்புறம்தான்.

பிரான்சின் ஒப்பினெல் 8-ஆம் எண் கத்திக்குப் பீச் மரப்பிடி. அடைமழையில் மரம் ஊதி, 8.5 செ.மீ. அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்து, பிடியின் அடிமுனையை மேசையில் தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும். நன்றாகக் காய்ந்தபின் அலகு மடங்கும் பள்ளத்தின் உட்புறத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டலாம்.

கொம்புக்கு வறட்சிதான் பெரிய பகை. ஏர்கோன் அறைக்கும் வெளிவெக்கைக்கும் மாறி மாறிப் போனால் சுருங்கி, பிடியைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் ஓரத்தில் விரிசல் விடும். அதை ஒட்டி மறைப்பது கடினம். கொம்பிலுள்ள கெரட்டின் புரதத்தைத் தின்னும் வண்டுப்புழுவும் துளைக்கும். வறட்சிக்கு மினரல் எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும்.

பளபளப்பில் கொம்பை மரம் நெருங்காது. தினமும் புழங்க மரமே மேல். கார்பன் எஃகு அலகென்றால் இரண்டையும் தோலுறையில் பூட்டி வைக்காதீர்கள், துருவேறும்.