காரைக்காலில் ஷாப்லி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 11,600 ரூபாய் போச்சு

ஷாப்லி என்கிற பிரெஞ்சு வெள்ளை ஒயின், ரெண்டு பாட்டில், 11,600 ரூபாய். நேற்று சாயங்காலம் வாங்கியது. ஒன்றைத் திறந்து தொட்டியில் கொட்டியாச்சு, இன்னொன்று சாட்சிக்கு நிற்கிறது. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடை பெயர் போடவில்லை. வெளிநாட்டுச் சரக்கு விற்கும் ஏசி கடை, அவ்வளவுதான். கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினது ஷாப்லியில் உயர்தரமான ப்ரெமியே க்ரூ, ஃபூர்ஷோம் தோட்டத்தது, 2020 விளைச்சல். லேபிள் சரி, பின்னால் இறக்குமதியாளர் ஸ்டிக்கரும் சரி. "இது லைட் பட்ட டிஸ்ப்ளே பீஸ் சார், உள்ளேருந்து நல்லதா எடுத்துத் தர்றேன்" என்றார் கடைக்காரர். வெளிச்சம் வெள்ளை ஒயினைக் கெடுக்கும் என்பது உண்மை. அதைத் தெரிந்து பேசுகிறாரே என்றுதான் நம்பினேன். பேப்பர் சுற்றி, டேப் ஒட்டி வந்தது. அங்கேயே பிரிக்காததுதான் என் முட்டாள்தனம்.

வீட்டில் பிரித்தால் பெத்தி ஷாப்லி, அதாவது ஷாப்லியில் கடைசித் தரம், 2017.

பேர் ஒன்றுபோல இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ரெண்டுமே பாரிசுக்குத் தென்கிழக்கே, செரேன் ஆற்றங்கரையில், ஷார்டனே திராட்சை ஒன்றிலிருந்தே வருவதுதான். வித்தியாசம் மண்ணிலும் சரிவிலும். ப்ரெமியே க்ரூ தோட்டங்கள் கிம்மரிட்ஜியன் மண்ணில், சுமார் 15 கோடி ஆண்டு பழைய சிப்பிப் புதைபடிவம் கலந்த சுண்ணாம்புக் களிமண்ணில் இருக்கின்றன. ஃபூர்ஷோம் இருப்பது செரேனின் வலது கரையில். நல்ல பாட்டில் என்றால் வெளிறிய தங்கத்தில் பச்சை ஓடும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கூடவே நனைந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசம். புளிப்பு கத்திபோல நேராக இறங்கும். ஐந்து, பத்து வருஷம் வைத்தாலும் தாங்கும். பெத்தி ஷாப்லி பெரும்பாலும் மேட்டுச் சமவெளியில், போர்ட்லாண்டியன் என்கிற சுண்ணாம்புக்கல் மேல் விளைவது. லேசானது, ரெண்டு மூணு வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியது. 2017 எப்போதோ முடிந்த கதை.

அதுவும் வெந்து போன பாட்டில். கார்க் வாய்க்கு மேல் ஒரு நெல்மணி உயரம் எழும்பியிருந்தது, மூடித்தகட்டுக்குக் கீழே பிசுக்கு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஆறும்போது இடுக்கு வழியே காற்று புகும். நிறம் தேன் கணக்காய். வாசம் வேகவைத்த ஆப்பிள். ஏப்ரல் உறைபனியில் தோட்டக்காரர்கள் ராத்திரி முழுக்க தண்ணீர் தெளித்து, மொட்டைப் பனிக்கட்டிக்குள்ளேயே மூடிக் காப்பாற்றுகிற ஊர் அது. அங்கே பனிக்குத் தப்பியது நம்ம ஊர் கத்திரியில் தகரக்கூரைக் கிடங்கில் வெந்திருக்கிறது. வேறெப்படி இந்தக் கதிக்கு வரும்?

போன் பண்ணினால், "வெள்ளை ஒயின்னா புளிக்கத்தான் சார் செய்யும்." ரெண்டாவது தடவை, "ஃப்ரிட்ஜ்ல வைங்க, சரியாயிடும்." ஃப்ரிட்ஜில் வைத்தால் சுவை மரத்துப்போகும், வெந்தது திரும்புமா? மூன்றாவது தடவை முதலாளி வெளியூர். வாட்ஸப்பில் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "திறந்த பாட்டிலை எடுக்க மாட்டோம்." சரி, திறக்காத இன்னொன்று? "பில்லுல என்ன இருக்கு பாருங்க." பார்த்தேன்: 'இம்போர்ட்டட் ஒயிட் ஒயின் – 2'. பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. 11,600 மட்டும் தெளிவாக இருக்கிறது.

விவரமாக எழுதுகிற மனநிலை இப்போது இல்லை. பில்லில் முழுப் பெயரும் வருஷமும் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் பேப்பரைப் பிரியுங்கள். கார்க் எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மூடித்தகடு ஒட்டிக்கிடந்தால் வேண்டாம். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிகம் இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள், அது டார்டாரிக் உப்பு, கெடுதல் இல்லை. கரண்ட் போனால் கிடங்கில் ஏசி ஓடுமா என்று கேளுங்கள்.

திறக்காத பாட்டிலோடு நாளைக்கு மறுபடி போகிறேன்.