வெளிப்புற வயர்லெஸ் இணைப்பு: 20, 40, 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில் எது, எங்கே?

சேனலை (ரேடியோ பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டை) அகலமாக்கினால் சிக்னல் குறைந்துவிடும் என்று பலரும் சொல்வது பாதிதான் சரி. அனுப்பும் திறன், ஆன்டெனா, தொலைவு ஆகியவை மாறாதவரை எதிர்முனை ரேடியோ பெறும் மொத்தத் திறனும் மாறுவதில்லை. அந்தத் திறன் எவ்வளவு அகலத்தில் பரவுகிறது என்பதும், அதனுடன் எவ்வளவு இரைச்சல் உள்ளே வருகிறது என்பதும்தான் மாறுகின்றன. அறை வெப்பநிலையில் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு). 20 மெகாஹெர்ட்ஸுக்கு அது −101 ஆகிறது. ரேடியோவின் சொந்த இரைச்சலாக 6 டெசிபெல் சேர்த்தால் −95. அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த அளவு 3 டெசிபெல் உயரும்.

5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடையற்ற பாதையில் இழப்பு ஏறத்தாழ 128 டெசிபெல். 20 டிபிஎம் திறனும் இருமுனைகளிலும் 23 டிபிஐ (ஆன்டெனா ஒரு திசையில் குவிக்கும் பெருக்கம், டெசிபெலில்) ஆன்டெனாவும் இருந்தால், ரேடியோவின் நிர்வாகப் பக்கத்தில் சிக்னல் −62 என்று தெரியும். அகலத்தை 20, 40, 80 என்று மாற்றிக்கொண்டே போனாலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான இடைவெளி 33, 30, 27 என்று சுருங்கும். 64-க்யூஏஎம் (ஒரு குறியீட்டில் 6 பிட்களை ஏற்றும் முறை) பண்பேற்றத்தின் உச்ச வேகத்துக்குச் சுமார் 25 டெசிபெல் தேவை என்று கொண்டால், 20 மெகாஹெர்ட்ஸில் 8 டெசிபெல் கையிருப்பு உண்டு. 80-இல் 2 டெசிபெல்தான். ஆன்டெனா சற்றுத் திரும்பினாலே அது தீர்ந்துவிடும். சிக்னல் எண்ணை மட்டும் பார்த்து இணைப்பை மதிப்பிடுவோர் ஏமாறும் இடம் இதுதான்.

அப்படியென்றால் அகலமான சேனல் வீண் என்று பொருளல்ல. இதே பண்பேற்றத்தில், இரண்டு ஸ்ட்ரீம்களுக்கு (ஒரே நேரத்தில் செல்லும் இரண்டு தரவு ஓட்டங்களுக்கு), 20 மெகாஹெர்ட்ஸ் தரும் இணைப்பு வேகம் நொடிக்கு 130 மெகாபிட். 40 தருவது 270. 80 தருவது 585. பண்பேற்றத்தில் ஒரு படி இறங்கி ஓடினாலும் 80 மெகாஹெர்ட்ஸே முந்தும். ஒரு சேனலின் உச்சக் கொள்ளளவைக் கணிக்கும் ஷானன் சூத்திரப்படி பார்த்தாலும், வெப்ப இரைச்சல் மட்டுமே எதிரி என்றால் அகலத்தைக் கூட்டுவதால் கொள்ளளவு ஒருபோதும் குறையாது. கிடைக்கும் லாபம்தான் தேய்ந்துகொண்டே போகும்.

உண்மையான எதிரி பிறருடைய ரேடியோக்கள். 80 மெகாஹெர்ட்ஸின் ஒரு மூலையில் மட்டும் குறுக்கீடு இருந்தாலும், பெரும்பாலான கருவிகள் பாக்கெட் முழுவதையும் ஒரே பண்பேற்றத்தில் அனுப்புவதால், முழுப் பாக்கெட்டும் கெட்டு மறுபடி அனுப்பப்படுகிறது. 5725 முதல் 5850 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் ஐந்து அடங்கும்; 40 என்றால் இரண்டு; 80 என்றால் ஒன்றே ஒன்று. ஒரே கோபுரத்தில் நான்கு ரேடியோக்களை நிறுத்துபவருக்கு அங்கே 80 என்பது தெரிவே அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸில் 40-ஐயும் வெளியில் தவிர்ப்பதே நல்லது.

நீண்ட தூரத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ் தரும் கருவிகளும் உண்டு. இரைச்சல் இன்னும் 3 டெசிபெல் இறங்கும். கடிகார வேகத்தைப் பாதியாக்கி இயங்கும் ரேடியோக்களில் ஒவ்வொரு குறியீட்டின் கால அளவும் இரட்டிப்பதால், நீர்ப்பரப்பிலோ கட்டடங்களிலோ பட்டுத் தாமதமாக வரும் எதிரொலிகளையும் அவை கூடுதலாகத் தாங்கும். வேகம் பாதியாகும் என்பதே விலை.

என் தெரிவு: பல கிலோமீட்டர் இணைப்பை முதலில் 20-இல் நிறுவி, ஆன்டெனாவைச் சரியாகத் திருப்பி, கையிருப்பு 10 டெசிபெலுக்கு மேல் தெரிந்தால் மட்டும் 40-க்குப் போவது. 80-ஐ ஓரிரு கிலோமீட்டருக்குள், அலைக்கற்றை ஆய்வில் காலியிடம் தெரிந்த பிறகே தொடுவேன். ஒரு விதிவிலக்கு உண்டு: திறன் வரம்பை மொத்தமாக அல்லாமல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்று விதிக்கும் அலைக்கற்றைகளில், அகலம் கூடக்கூட அனுமதிக்கப்படும் மொத்தத் திறனும் கூடுகிறது; ரேடியோவால் அந்தத் திறனைத் தர முடிந்தால், அங்கே 3 டெசிபெல் இழப்பு என்ற கணக்கு செல்லாது.