999, 101, 111, 61016: இங்கிலாந்தில் எந்த எண் எப்போது கைகொடுக்கும்?

யார்க், பாத் போன்ற ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஓட்டலையும் ரயிலையும் நாள்கணக்கில் அலசுவார்கள். ஆபத்து வந்தால் எந்த எண்ணை அழுத்துவது என்று பார்த்து வைப்பவர்கள் குறைவு. உதவிக்கு நான்கு சேவைகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரத்தில் இல்லை.

முதலிடம் 999-க்குத்தான். 1937-இல் லண்டனில் தொடங்கிய சேவை. 112 அழுத்தினாலும் அதே இடத்துக்குத்தான் போகும். ரோமிங்கில் இருக்கும் வெளிநாட்டு சிம்மிலிருந்தும் அழைக்கலாம். சிம்மே இல்லாத போனிலிருந்து மட்டும் பிரிட்டனில் அழைப்பு போகாது. எடுப்பவர் ஆபரேட்டர், எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். பலர் இங்கேயே முழுக்கதையையும் சொல்லத் தொடங்கி நேரத்தைக் கரைக்கிறார்கள். "போலீஸ்", "ஆம்புலன்ஸ்" என ஒரே சொல் போதும். யார்க்கின் ஊஸ் ஆற்றில் ஒருவர் விழுந்துவிட்டால் கேட்க வேண்டியது தீயணைப்புப் படையை. விட்பி போன்ற கடலோர ஊரில் என்றால் கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் படையை. காப்பாற்ற நீங்களும் தண்ணீரில் குதிக்காதீர்கள். கரையில் உயிர்காப்பு வளையம் இருந்தால் அதை வீசுங்கள்.

பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து அழைத்தால், முதலில் இருமியோ போனைத் தட்டியோ காட்டுங்கள். பதிவுக் குரல் சொன்னதும் 55 அழுத்தினால் போலீஸுக்கு மாற்றுவார்கள். சும்மா அழைத்துவிட்டு மௌனமாக இருந்தாலே போலீஸ் வந்துவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை: 55 அழுத்தாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். 55 அழுத்துவதால் மட்டும் நீங்கள் இருக்கும் இடமும் தெரிந்துவிடாது.

101 அவசரமில்லாத போலீஸ் விஷயங்களுக்கு. திருடன் ஓடிய பிறகு பர்ஸ் போனதைச் சொல்ல இதுதான் வழி. காத்திருப்பு நீளலாம் என்பதால், அந்தப் பகுதிப் போலீஸின் இணையதளத்தில் பதிவு செய்வதையே பரிந்துரைப்போம். குற்றப் பதிவு எண்ணை மறக்காமல் வாங்குங்கள், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள்.

111 மருத்துவ ஆலோசனைக்கு, 24 மணி நேரமும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மொழிப்பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இதற்காகவே இந்தச் சேவையை மெச்ச வேண்டும். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சிகிச்சை சுற்றுலாப் பயணிகளுக்கும் இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால் கட்டணம் வரலாம். பயண இன்சூரன்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

61016 ரயில்வே போலீஸின் குறுஞ்செய்தி எண். எதிரில் இருப்பவன் தொல்லை கொடுக்கும்போது வாய் திறக்காமலே புகார் செய்யலாம். ரயில் புறப்பட்ட ஊரும் நேரமும், போகும் ஊர், பெட்டி எண், ஆளின் உடை, அடுத்த ஸ்டேஷன் இவ்வளவும் எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இது போதாது, 999-தான்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை: வெளிநாட்டு சிம்மில் 999 தவிர மற்ற மூன்றும் வேலை செய்யும் என்று நம்பி இருக்க முடியாது. இறங்கிய அன்றே பிரிட்டிஷ் ப்ரீபெய்டு சிம் வாங்கிவிடுங்கள். பிறகு அதிலிருந்து 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' என்று அனுப்புங்கள். பதிவானதாக உறுதிச் செய்தி வந்த பிறகு, குரல் அழைப்பு முடியாத நேரத்தில் 999-க்கே குறுஞ்செய்தி அனுப்பலாம்.