இபே ஏலத்துல ஸ்போர்ட்ஸ் கார்டு எடுக்கறது: பெருந்துறைல இருந்து ரெண்டு வருச அனுபவம்

திங்கக்கிழமை காலைல 7:30 மணிங்க. இபேங்கற ஆன்லைன் ஏல சைட்ல, விளையாட்டு வீரருங்க படம் போட்ட, ஆளுங்க ஆசையா சேத்து வெக்கற கார்டுகளை அமெரிக்கால விக்கறவங்க நெறைய பேரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடியற மாதிரிதான் ஏலத்தை வெப்பாங்க, அப்பத்தான் அங்க எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னு. அவங்க மேற்குக் கரைல கோடைல ராத்திரி 7 மணின்னா நமக்கு அடுத்த நாள் காலைல 7:30, குளிர்காலத்துல கடிகாரத்தை மாத்திட்டா 8:30 ஆயிரும். அதனால ரெண்டு வருசமா நான் திங்கக்கிழமை மட்டும் கம்பெனி பஸ்ஸை விட்டுட்டு வண்டிலதான் சிப்காட்டுக்குப் போறேன். வீட்ல முதல்ல திட்டுனாங்க, இப்ப அவங்களே காப்பிய கொண்டாந்து வெச்சுட்டு "எத்தன செகண்டு இருக்குது"ன்னு கேக்கறாங்க.

நான் தேடுனது 1997-98 டாப்ஸ் க்ரோம் டிம் டங்கன் ரூக்கி கார்டு. டங்கன் அமெரிக்க பேஸ்கட்பால் வீரரு, டாப்ஸ் க்ரோம்ங்கறது பளபளப்பான ஒரு கார்டு வகை, ரூக்கின்னா அவரு ஆட வந்த முதல் வருசத்துக் கார்டு. ஸ்கூல்ல பேஸ்கட்பால் ஆடுனப்ப எங்க பிடி சார் போர்டுல அடிச்சு கூடைல போடற ஷாட்டை கத்துக்குடுக்கறதுக்கு டங்கனைத்தான் காட்டுவாரு. குதிக்காம, கத்தாம, போர்டுல அந்தக் கட்டத்து மூலைல தொட்டு உள்ள விழுகற பந்து. அஞ்சு சாம்பியன்ஷிப், எல்லாமே ஒரே டீமுக்கு. அந்தக் கார்டு ஒன்னு கைல வேணும்னு இருவது வருசமா மனசுல இருந்துச்சு. இந்தியால இபேயோட உள்ளூர் கடைய 2018லயே மூடிட்டாங்க, ஆனா அமெரிக்க சைட்ல நம்ம அக்கவுண்ட் வெச்சு ஏலம் கேக்கறதுல எந்தத் தடையும் இல்லீங்க, செல்லர் இந்தியாவுக்கு அனுப்பறேன்னு போட்டிருந்தா போதும்.

முக்கியமான விசயத்துக்கு வர்றேன். இந்த ஏலம் எப்படி நடக்குதுன்னு புரியறதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு, புரிஞ்சதும் எனக்கு ஞாபகம் வந்தது என்ற அப்புச்சிதான். கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு சின்ன வயசுல அவருகூட போயிருக்கேன். தரகரும் அவரும் கையை ஒரு துண்டுக்கு அடில விட்டு, விரலைப் புடிச்சுத்தான் விலை பேசுவாங்க. பக்கத்துல நிக்கற எனக்கு துண்டு ஆடறது மட்டும்தான் தெரியும், வாயில ஒரு பேச்சு வராது, திடீர்னு துண்டை எடுத்து தோள்ல போட்டுட்டு சிரிப்பாங்க, மாடு நம்மளுதாயிருக்கும். இபேல நீங்க போடற பிட்டும் (ஏலத்துல கேக்கற தொகை) அப்படித்தான். நீங்க போடறது இன்னிக்கு விலை இல்லீங்க, உங்களோட உச்ச விலை. அது துண்டுக்கு அடிலயே இருக்கும், செல்லருக்கும் தெரியாது, எதிர்ல கேக்கறவங்களுக்கும் தெரியாது. சிஸ்டம் உங்களுக்காக ஒரு படி ஒரு படியா ஏத்தும், தேவைக்கு மேல ஒரு காசு ஏத்தாது.

கணக்கா சொல்றேன். கார்டு 20 டாலர்ல நிக்குது, நான் 62.37 போடறேன்னு வெச்சுக்கங்க. எனக்கு முன்னாடி இருந்தவரோட உச்சம் 30ன்னா விலை 31ல நிக்கும், ஏன்னா 25ல இருந்து 100 டாலர் வரைக்கும் ஒரு படி 1 டாலர். அப்பறம் இன்னொருத்தரு வந்து 52 போட்டாருன்னா 53 ஆயிரும், ஆனா முன்னாடி நிக்கறது நான்தான். 62.37ங்கறது யாருக்கும் தெரியாது. அந்த 37 காசு எதுக்குன்னா, ஆளுங்க 60, 62ன்னு முழுசாத்தான் போடுவாங்க, அதைத் தாண்டி சில்லறைல நின்னா போதும். ரெண்டு பேரும் ஒரே தொகை போட்டிருந்தா முதல்ல போட்டவருக்குத்தான் கார்டு.

இது தெரியாம முதல் தடவ நான் பண்ணுன தப்பு, ஞாயித்துக்கிழமை மத்தியானமே உக்காந்து ரெண்டு ரெண்டு டாலரா ஏத்துனேன், எதிர்ல ஒருத்தரும் ஏத்துனாரு, விடக்கூடாதுன்னு ஒரு வேகம் வந்துருச்சு, நெனச்சதுக்கு மேல 20 டாலர் எச்சா குடுத்து ஒரு கார்டை எடுத்தேன். அந்தக் கார்டு இன்னும் இருக்குது ஆனா எடுத்துப் பாக்கவே மனசு வர்றதில்ல. பிட் போட்டா வாங்கியே ஆகணும், மனசு மாறிருச்சுன்னு பிட்டை திரும்ப எடுக்க விதியில எடமில்ல. இப்ப என்ற வழக்கம் ஒன்னே ஒன்னு. வாட்ச்லிஸ்ட்ல போட்டு வெச்சுட்டு ஒரு வாரமும் சும்மா இருப்பேன், கடைசி எட்டு செகண்ட்ல ஒரே ஒரு பிட், என்ற உச்ச விலைல. சீக்கிரமே போட்டா, என்ற உச்சம் எங்க இருக்குதுன்னு ஒவ்வொரு டாலரா தட்டித்தட்டிப் பாக்க மத்தவங்களுக்கு அஞ்சு நாள் கெடைக்கும், அதுக்கு நான் ஏன் எடம் குடுக்கணும். இபேல பொதுவா நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான், நீளாது. சிலரு இதை மோசம்னு சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, எதிர்ல இருக்கறவரு தன்னோட நெச உச்சத்தைப் போட்டிருந்தாருன்னா நான் கடைசி செகண்ட்ல வந்தாலும் தோத்துத்தான் போவேன். தோத்தும் இருக்கேன் பல தடவ.

கோல்டின், ஹெரிடேஜ் மாதிரி பெரிய ஏல நிறுவனங்கள்ல இது வேற மாதிரிங்க. அங்க கடைசில பிட் வந்தா நேரம் நீண்டுட்டே போகும், நமக்கு மத்தியானம் ஆனாலும் ஆயிரும். அதோட ஜெயிச்ச விலைக்கு மேல வாங்கறவர் கமிசன்னு 20 சதவீதமோ அதுக்கு மேலயோ சேப்பாங்க, 100 டாலர்னு சந்தோசப்பட்டா பில்லு 120ல வந்து நிக்கும். 2022ல மிக்கி மேன்டில்ங்கற பேஸ்பால் வீரரோட 1952 டாப்ஸ் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு போனதே ஹெரிடேஜ்ல, அந்தத் தொகையிலயும் இந்தக் கமிசன் அடக்கம்தான். நம்மளை மாதிரி அம்பது நூறு டாலர் ஆளுகளுக்கு இபேவே போதும்.

உச்ச விலைய எப்படி முடிவு பண்றதுன்னா, முதல்ல வித்து முடிஞ்ச விலைய பாருங்க, கேக்கற விலைய இல்ல. இபேல 'சோல்டு' ஃபில்டர் போட்டா கடைசி 90 நாள்ல நெசமா எத்தனைக்கு போச்சுன்னு வரும். அப்பறம் நம்ம வீட்டு வாசல்ல இருந்து பின்னாடி எண்ணணும். ஷிப்பிங், அதுக்கு மேல பாங்க்காரங்க வெளிநாட்டு பேமெண்டுக்குன்னு எடுக்கற மார்க்கப் (நெறைய கார்டுகள்ல 3.5 சதவீதம், அந்த மார்க்கப்புக்கு ஜிஎஸ்டி வேற), அப்பறம் கஸ்டம்ஸ் டூட்டி. டூட்டிய கார்டு விலைக்கு மட்டும் போட மாட்டாங்க, ஷிப்பிங், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் ஒட்டுக்கா சேத்துத்தான் போடுவாங்க. டங்கன் கார்டு 53 டாலர், ஷிப்பிங் 18, கூரியர்காரங்ககிட்ட கட்டுன டூட்டி ரெண்டாயிரத்துச் சொச்சம், எல்லாம் சேந்து வீட்டுக்கு வர்றப்ப 8,700 ரூவா கிட்ட. 53 டாலரை மட்டும் பாத்திருந்தா நாலாயிரத்து ஐநூறுன்னு நெனச்சிருப்பேன். பாங்க் ஆப்ல வெளிநாட்டு பரிவர்த்தனைய முன்னாடியே ஆன் பண்ணி வெச்சிருங்க.

கார்டோட நெலமைய பத்தி கொஞ்சம் சொல்லணும். தொண்ணூறுகள்ல வந்த க்ரோம் கார்டு வருசம் ஆக ஆக பச்சை பாஞ்சுரும், வளையவும் செய்யும். போட்டோல வெளிச்சம் அடிச்சு எடுத்தா அது தெரியாது. போன வருசம் ஒரு செல்லரு முன்பக்கம் மட்டும் போட்டோ போட்டிருந்தாரு, வந்து பாத்தா முகத்துக்கு குறுக்கால கீறல். விவரத்துல ஒரு வார்த்தை இல்ல. இபேல 'சொன்ன மாதிரி இல்ல'ன்னு பொருள் வந்து 30 நாளுக்குள்ள போட்டோவோட கேஸ் போட்டேன், பணம் முழுசா திரும்ப வந்துச்சு. அதனால்தான் இந்த சைட்டை நம்பி எழுதறேன். ஆனா அமெரிக்கால ஒரு முகவரிக்கு வரவெச்சு அங்கிருந்து இங்க அனுப்பற ஏஜென்ட் வழியா வாங்குனா இந்தப் பாதுகாப்பு கெடைக்காது, கவனமா இருங்க. பிஎஸ்ஏ மாதிரி, கார்டோட நெலமைய பாத்து மார்க் போடற கம்பெனிங்க கிரேடு போட்டு பிளாஸ்டிக் பெட்டில அடைச்ச கார்டுன்னா மேல இருக்கற நம்பரை அவங்க சைட்ல போட்டு சரி பாத்துட்டு பிட் போடுங்க.

பிட் ஹிஸ்டரியையும் தொறந்து பாக்கணும். பேரை மறைச்சுத்தான் காட்டுவாங்க, ஆனா அந்த ஆளு போட்ட பிட்டுல எத்தனை சதவீதம் இதே செல்லருகிட்டன்னு வரும். அது ரொம்ப எச்சா இருந்து, விலைய ஏத்திட்டு ஏத்திட்டு வாங்காம போற ஆளுன்னு சந்தேகம் வந்தா நான் அந்தப் பக்கமே போறதில்ல. அதே மாதிரி தோத்த பின்னாடி 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்'னு மெசேஜ் வந்தா, அதுல கேக்கற விலை நீங்க துண்டுக்கு அடில வெச்ச உச்ச விலையேதான், ஒரு படி கம்மி இல்ல. வேணுமா வேண்டாமான்னு அமைதியா யோசிங்க, கட்டாயம் ஒன்னும் இல்ல.

டங்கன் கார்டு பார்சல் வர்றதுக்கு பத்தொம்பது நாள் ஆச்சு. ரெண்டு அட்டைக்கு நடுவுல டாப்லோடரு (கார்டை சொருகி வெக்கற கெட்டி பிளாஸ்டிக் உறை), அதோட வாய்ல நீல டேப்பு, டேப்போட ஓரத்தை கொஞ்சமா மடிச்சு விட்டிருந்தாரு அந்த செல்லரு, நகத்தால சொரண்டாம சுலபமா பிரிக்கறதுக்கு. நூத்துல ஒருத்தருதான் அதைச் செய்வாங்க. ஜன்னலுகிட்ட கொண்டுபோய் சாச்சுப் பாத்தேன், பச்சை இல்ல, மூலை நாலும் கூரா இருக்குது, இடது பக்க பார்டரு மட்டும் வலதை விட கொஞ்சம் மெலிசு. சித்தப்பா பையன் எட்டாவது படிக்கறான், ஸ்கூல் டீம்ல இப்பத்தான் சேந்திருக்கான். கையக் கழுவிட்டு வரச்சொல்லி அவன்கிட்ட குடுத்தேன். பின்பக்கத்தை ரொம்ப நேரம் படிச்சுட்டு, "அண்ணா, போர்டுல எந்த எடத்துல அடிக்கணும்"னு கேட்டான்.