மரத்தின் மேலா, மரத்தடியிலா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பொதுக் காட்டில் முதன்முறையாக ரைஃபிளோடு தனியாக மான் வேட்டைக்குப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எங்கே உட்காருவது என்பதைத்தான்.

மரத்தில் பொருத்தும் இருக்கையில் பார்வை நெடுந்தூரம் போகும். குண்டு கீழ்நோக்கிப் போவதால் குறி தவறினாலும் பெரும்பாலும் மண்ணில் புதையும். இது பெரிய நிம்மதி. ஆனால் விழுந்தால், தூக்கிவிட ஆள் இல்லை. உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு, திரும்ப இறங்கும்வரை மரத்தோடு இணைத்திருக்க வேண்டும். துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும். இத்தனையும் விடியாத இருட்டில், விறைத்த விரல்களோடு!

தரையில், முதுகைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். மானுக்கு மூக்குதான் முதல் காவல். காற்று திசை மாறி உங்கள் வாடையை அதனிடம் கொண்டுபோனால் உடனே இடம் மாறலாம். பார்வைதான் குறையும். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடவே கூடாது.

முதல் தடவைக்கு நான் தரையைத்தான் சொல்வேன். எங்கே உட்கார்ந்தாலும் தலை, மார்பு, முதுகில் மொத்தம் 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு நிற உடை கட்டாயம். அப்புறம், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.